ரெண்டு நாள் கழிச்சு வாங்க

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கஷ்டப்பட்டவனுக்குத்தான் மரியாதை. வேலை சுலபமாக முடிந்துவிட்டால் கஷ்டப்பட்ட மாதிரியாவது காட்டிக்கொள்ள வேண்டும்.

பட்டனை அமுக்கினால் உயிரே வராத கம்ப்யூட்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாலு தரம் அமுக்கி, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி, சாமியை நினைத்துக்கொண்டு ஐந்தாம் தரம் அமுக்கியிருப்பீர்கள். பிறகு என்னைப் போன்ற ஒருவனிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு, எப்போது கிடைக்கும் என்று கேட்டு நின்றிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அதை மட்டும் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

பின்பக்க சுவிட்ச்

எண்ணூரில் ஒரு வீடு. ஜன்னலோரம் விரலை வைத்தால் சாம்பல் ஒட்டும் தெரு. வீட்டம்மா தினமும் மேசையைத் துடைப்பவர். துடைத்த துடைப்பில் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் இருக்கும் சின்ன சுவிட்ச் அணைந்துவிட்டிருக்கிறது. அதைப் போட்டேன், ஓடியது. செருப்பைக் கழற்றியதற்கும் மாட்டியதற்கும் நடுவே மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் ஏமாந்துபோன முகத்தோடு நின்றார். அதே தெருவில் எனக்கு இன்னும் இரண்டு வீடுகள் வாடிக்கை. அவர்களும் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. வாசலில் அவர் சொன்னது இது: "சுச்சு போட்றதுக்கு இம்மாந்தூரம் ஆளு வரணுமா? எங்க வூட்டு பூன மிதிச்சிருந்தாகூட போட்டுருக்குமேப்பா."

ரஃபியின் சட்டம்

கல்மண்டபத்தில் கடை எனக்கும் ரஃபிக்கும் பொது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எண்ணூர்க் கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் ஒரு சட்டம் போட்டான். பெட்டி எதுவானாலும் கடைக்கு வர வேண்டும். வந்த பெட்டி இரண்டு நாள் அலமாரியில் இருக்க வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் இரண்டு நாள்.

இது அவன் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ரஃபிக்கு உறுத்தவில்லை. "மாமு, கண்ணு எதிர்ல சரி பண்ணா அது ரிப்பேர் இல்ல, வித்த. வித்தைக்கு கைதான் தட்டுவான், மறுபடி வர மாட்டான்."

சந்தனம்

திருவொற்றியூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. சந்தனத்தைக் குழைத்துப் பவர் பட்டன் மேலேயே பெரிய பொட்டாக வைத்துவிட்டார்கள். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அமுக்கிய பட்டன் அமுங்கியே நின்றுவிட்டது. போட்டால் நாலு நொடி ஓடும், தானாக அணையும். நான் ஊக்கால் சுரண்டி எடுத்து முடித்தபோது வாங்கி வைத்த டீ ஆறவில்லை.

சட்டப்படி இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தேன். மேனேஜர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், எதையும் லேசில் மெச்சாதவர். அவரே மெச்சினார். அன்றோடு எனக்கிருந்த உறுத்தலும் போய்விட்டது. "போன வருசம் ஒருத்தன் கால் மணி நேரத்துல தந்துட்டுப் போனான், அந்த ரிப்பேரு நிக்கலியே. நீரு ரெண்டு நாள் வச்சுப் பாத்தீரு பாரும், அதாக்கும் வேலை."

ஷாலினியின் பெட்டி

ஷாலினி ஷேர் ஆட்டோவில் வந்தாள். பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கணவன் துறைமுகத்தில் கண்டெய்னர் மேலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து, ஐந்து மாதமாகப் படுக்கை. இவள் வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களை டைப் செய்யும் வேலை பார்த்தாள். கம்பெனிக்காரன் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் வழி திறந்து விட்டிருக்கிறான். வேறு எதிலிருந்தும் உள்ளே போக முடியாது. புது ஆள் என்பதால் தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

நானும் கேட்டேன், காதால் மட்டும். சாமான் வாங்க வேண்டும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க என்றேன். எத்தனை பேர் இதே மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் முகத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் அவசரம்னுதான் சொல்லுவாங்கன்னு தெரியும்ணா. எனக்கு நெஜமாவே அவசரம்."

அலமாரி

அவள் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாள். பெட்டியைத் திறந்தேன். கடல் காற்றில் பவர் பட்டனின் உள்பக்கம் துருப்பிடித்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. பக்கத்தில் யாருமே தொடாத ரீசெட் பட்டன் நன்றாக இருந்தது. அதன் ஒயரைப் பிடுங்கி இதன் இடத்தில் சொருகினேன். ஐந்து நிமிடம். இனி ரீசெட் பட்டனை அமுக்கினால் ஓடும் என்று போனில் சொல்லியிருந்தால் அடுத்த ஆட்டோவில் திரும்பி வந்திருப்பாள்.

சொல்லவில்லை. தூக்கி அலமாரியில் வைத்தேன். அவள் இரண்டு முறை போன் செய்தாள். போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு முறையும் பொய் சொன்னேன். மறுநாள் சட்டம் போட்டவனே பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்தப் பொண்ணு ரொம்ப பேஜாராகி பேசுதுடா. ரெடியாத்தான கீது, குட்த்துடேன், இன்னாத்துக்கு வச்சிகினு கீற?"

டெலிவரி

மூன்றாம் நாள் காலை நானே தூக்கிக்கொண்டு போனேன். அலைய வைக்காமல் வீட்டுக்கே கொண்டுபோகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ஒரே அறை. கட்டிலில் அவள் கணவன். கம்ப்யூட்டர் ஓடியதும் அவள் நின்றபடியே பாஸ்வேர்டு அடித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாம் தரம் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. கணவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்குக் கூசியது. அவ்வளவு கேவலமாக என்னை நான் அதற்கு முன் நினைத்ததில்லை. உண்மை நாக்கு நுனி வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கூலி வேண்டாம் என்றேன். அதையும் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க, பாவம். ரெண்டு நாளா கண்ணு முழிச்சி பாத்து, வூட்டாண்ட வரைக்கும் தூக்கினு வந்துகிறீங்க."

சிபாரிசு

பத்து நாள் கழித்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். ஷாலினியின் பக்கத்து வீடு. மகனுடைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையாம். ஷாலினி இப்போது மீன் பதப்படுத்தும் கம்பெனிக்குப் போகிறாளாம். பகலில் புருஷனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், இந்த அம்மாதான் நடுவில் போய்த் தண்ணீர் கொடுக்கிறாராம். நான் கேட்காமலேயே சொன்னார்.

உட்காருங்கம்மா, இப்பவே பார்த்துத் தருகிறேன் என்று அவசரமாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. பெட்டியை என் கைக்கு எட்டாமல் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "ஷாலினி உன்ன பத்தி வேற மாரி சொல்லிச்சேப்பா. ரெண்டு நாள் வச்சி பொறுமையா பாப்பாரு, தங்கமான மனுசன்னு சொல்லிச்சே."

இப்போதெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே முடித்துக் கொடுத்துவிடுகிறேன், இவனுக்குத் தொழில் தெரியாது என்று பேசிக்கொள்கிறார்களாம், ஷாலினி ஒருத்தி மட்டும் இல்லவே இல்லை என்று எனக்காகச் சண்டைக்குப் போகிறாளாம்.