நீலச் சேலையில் வெள்ளை வளையங்கள்

வங்காளத்தின் கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் கயிறுகளைக் கட்டி அவிழ்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற அந்த வருடம் என் மனைவியின் வெள்ளைப் பருத்திச் சேலையில் கொடிக்கம்பியின் துரு பட்டு, அங்கங்கே கறையாகிவிட்டது. தரை துடைக்க அதைக் கிழிக்கப் போனவளைத் தடுத்தேன்.

"குடு, நான் சாயம் போட்டுப் பாக்கறேன்."

"உங்களுக்கு அதெல்லாம் வருமா?" என்று சிரித்தாள்.

கறை இல்லாத இடங்களில் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக வைத்து, துணியைக் கூட்டிப் பிடித்து நூலால் இறுக்கினேன். நூல் சுற்றிய இடத்தில் சாயம் இறங்காது. முடிச்சு தளர்ந்தால் எல்லாம் பாழ். என் கை போட்ட முடிச்சு தளராது. இரண்டு நாள் கட்டிவிட்டு, பழைய அண்டாவில் நீலச் சாயமும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்துச் சேலையை அமுக்கினேன். அலசிக் காயவைத்து அவிழ்த்தபோது, கருநீலத்தில் வெள்ளை வளையங்கள் நூற்றுக்கணக்கில் விரிந்தன. துரு ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

துர்கா பூஜை அஷ்டமியன்று அவள் அதைத்தான் உடுத்திக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். நாங்கள் பௌதி என்று அழைக்கும் எதிர்வீட்டு வங்காள அண்ணி முந்தானையைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார்.

"கடையில்ல பௌதி, இவர் போட்டது!" என்று வங்காளத்தில் சொல்லி, என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள் என் மனைவி. அத்தனை வருடக் கப்பல் வேலையை அவள் யாரிடமும் அப்படிக் காட்டியதில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

மறுவாரம் பௌதி ஒரு வெள்ளைச் சேலையோடு வந்தபோது, என்ன நிறம் வேண்டும் என்று என்னை முந்திக்கொண்டு என் மனைவியே கேட்டாள்.