லீலா சேச்சியின் கைப்புண்ணியம்

லீலா சேச்சியின் தோசை மாவில் எட்டு மாதம் கள்ளத்தனமாகக் கை வைத்தவள் நான். அறியாமல் அல்ல, அறிந்தே, ஆசையோடு, சிரித்துக்கொண்டே செய்தேன்!

அப்போது என்னைப் பார்த்திருந்தால் நீங்கள் 'ஐயோ பாவம்' என்றிருப்பீர்கள். விடிந்ததும் மட்டாஞ்சேரியில் சேச்சியின் சாயாக்கடை. பத்தரைக்குச் சுக்குக் கிடங்கில் பில் எழுதும் வேலை. நாலரைக்கு மறுபடி கடையில் மாவரைப்பு. அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். ஆனால் என் கால் தரையில் பாவவில்லை! சொந்தமாக மாவுக் கடை போடப் போகிறவளுக்குக் களைப்பு ஏது?

கடை போட நல்ல மாவு வேண்டும். அதை ருசி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். வீட்டில் அம்மா ஒருத்திதான். எதைக் கொடுத்தாலும் நன்றாயிருக்கிறது என்பாள். சேச்சியின் கடைக்கோ தினமும் அறுபது பேர் வருகிறார்கள்!

சேச்சி பாலக்காட்டுத் தமிழ் வீட்டில் பிறந்தவர். அரைத்த மாவில் உப்புப் போட்டுத் தன் கையால்தான் கலக்குவார். வேறு யாரும் தொடக்கூடாது. மாவு பொங்குவது தன் கைப்புண்ணியத்தால், கைராசியால் என்பது அவர் நம்பிக்கை. கலக்கி மூடிவிட்டுக் கோயிலுக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் நான் மூடியைத் திறப்பேன்... ஒருநாள் அவல் விழுது, ஒருநாள் வெந்தயம், ஒருநாள் கூடுதலாக உளுந்து. மறுநாள் தோசையைப் பரிமாறியபடியே முகங்களைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்வேன். என்ன ஆனந்தம் அது! சொல்ல வெட்கமாயிருக்கிறது; ஆனாலும் ஆனந்தம்தான்.

தோசை பூவாய் வந்த நாட்களில் சேச்சி துள்ளுவார். "கண்டாயாடி? என் கையாக்கும்!"

கல்லில் ஒட்டிய நாட்களிலோ உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இந்தக் கைக்கு என்ன ஆச்சோ, அறியலையேடி..."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அரிசி பழசு சேச்சி" என்றேன். அன்று மாலையே வேறொன்றைக் கலந்தேன்!

எட்டாம் மாதம் மாவு கைகூடியது. சேச்சியின் வேலையையும் கிடங்கு வேலையையும் விட்டேன். பஜார் ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை ஒன்று திறந்தேன். முதல் தோசையைச் சேச்சிக்குத்தான் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததுமே அவர் கண் கலங்கிவிட்டது.

"எடி... இது என் மாவாக்கும்! என் கைப்புண்ணியம் உன் கைக்கு வந்தாச்சு! போகட்டும், நீ என் பிள்ளைதானே!"

கடையே கேட்கும்படி சிரித்து என்னைக் கட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன், மகிழ்ச்சி தாங்கவில்லை! அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? ஏன் வாய் வரவில்லை? அவருக்காகவா, என் திறப்பு நாளுக்காகவா... இன்னும் தெரியவில்லை.

தன் கையில் இனி ஒன்றுமில்லை என்று, அன்றோடு சேச்சி மாவரைப்பதை நிறுத்திவிட்டார். தினமும் என்னிடம்தான் வாங்குகிறார். என் கடை ஓஹோவென்று ஓடுகிறது. ஊரின் மறுகோடி வைட்டிலாவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். ஷட்டரைத் தூக்கும்போதே எனக்குப் பாட்டு வருகிறது. இந்தச் சந்தோஷம் பொய்யில்லை, நம்புங்கள்!

நேற்று மாலை சேச்சி வந்தபோது, அரைத்த மாவு பெரிய பாத்திரத்தில் உப்புக்காகக் காத்திருந்தது. அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை நான் கலக்கட்டுமாடி?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்... உன் மாவு கெட்டுப்போகும்."

நான் உப்பை அள்ளிப் போட்டு, என் கையாலேயே கலக்கினேன்.