சங்கு வாய் மூடிய சந்தை நாள்

ஆற்றங்கரைச் சந்தையில் காய்கறி ஏலம் கூவுகிறவளுக்குச் சங்கு என்று பட்டப்பெயர். படகுக்காரர்கள் ஆற்று வளைவில் வரும்போதே அவள் குரலைக் கேட்டு, கத்தரிக்காய் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்வார்கள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், மாமனார்தான் ஏலம் கூவிக்கொண்டிருந்தார். ஒருநாள் நடு ஏலத்தில் அவருக்கு விக்கல் எடுத்தது. செம்பில் தண்ணீர் கொண்டுபோன மருமகள், செம்பை அவர் கையில் திணித்துவிட்டு மீதி ஏலத்தைத் தானே கூவி முடித்தாள். மாமனார் தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், அதோடு சரி. மறுபடி ஏல மேடை ஏறவில்லை.

பிள்ளைகளை வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்தான் வளர்த்தாள். அவள் வீட்டில் ரகசியம் தங்காது. அடுப்படியில் நின்று "உப்பு எங்க?" என்றால் தெருமுனையிலிருந்து யாராவது பதில் சொல்வார்கள்.

அந்தத் தொண்டை போன மாதம் வீங்கிவிட்டது. ஒரு வாரம் சத்தமே வரக்கூடாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். வீடும் பக்கத்து வீடு. ஆகவே காவல் என் பொறுப்பு. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைப்பேன், வாயைத் திறந்தால் முறைப்பேன்.

சிக்கல் சந்தைச் சட்டத்தில் இருந்தது. மேடை யார் கையில் இருக்கிறதோ அந்த வீட்டில் யார் கூவினாலும் சரிதான். ஆனால் ஒரு சந்தை நாள் ஏலம் நின்றாலோ, கூவுகிற வீட்டாரே சரக்கை ஏலத்தில் எடுத்துக்கொண்டாலோ மேடை கைமாறிவிடும். கைநீட்டக் காத்திருந்தது தனிக்குடித்தனம் போன கொழுந்தன். அண்ணி தும்மினால்கூட ஆசையாக நிமிர்ந்து பார்க்கிற மனுஷன்.

"வீட்டுக்காரரை ஏத்திவிடு" என்றேன். சங்கு தலையில் அடித்துக்கொண்டாள். காரணம் உண்டு. அவர் சாக்குத் தைக்கிறவர். பகல் முழுக்கக் கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பதால், யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். ஊசி இல்லாத நேரத்திலும் அதே வழக்கம்தான். மாமனார் இப்போது இல்லை, பிள்ளைகள் வெளியூரில்; வேறு ஆள் இல்லாததால் அவரையே தயார் செய்தோம். சங்கு பின்னால் நின்று அவர் முதுகில் தட்டினால் விலையை ஏற்ற வேண்டும், இடுப்பில் குத்தினால் முடிக்க வேண்டும்.

அவருக்கு இடுப்பில் கூச்சம் அதிகம் என்பதைச் சங்கு யோசிக்கவில்லை.

முதல் குத்துக்கே "மூணு தரம்" என்று கூவ வேண்டியவர் "மூ... ஹிஹி... ணு" என்று துள்ளினார். சந்தை சிரித்தது. அவர் துள்ளுவதைப் பார்க்கவே வெண்டைக்காய்க்கு ஆள் சேர்ந்தது. வாங்க வராதவர்கள்கூடக் கூடையை வைத்துவிட்டு நின்றார்கள்.

பூசணிக்காய்ப் படகு வந்தபோதுதான் வினை. எங்கள் சந்தையில் வாங்குகிறவர்கள் வாய் திறப்பதில்லை. விலை சம்மதமென்றால் ஒரு தலையாட்டல். விலை ஏறி, எல்லாத் தலையும் நின்றுவிட்டது. மனுஷன் திரும்பி மனைவியைப் பார்த்தார். முடித்துத் தொலை என்று அவள் முறைத்தாள். அவர் பணிவாகத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா! அண்ணனே எடுத்துட்டாரு!" கொழுந்தன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அண்ணி, எறங்குங்க!"

சங்கின் வாய் அகலத் திறந்தது. பாய்ந்து பொத்தினேன். "சத்தம் வந்துச்சுன்னா நானே உன்னை ஆத்துல தள்ளிருவேன்."

பூசணிக்காய்ப் படகுக்காரர் கையைத் தூக்கினார். "கொஞ்சம் இருங்கப்பா. இந்த மனுஷன் எதுக்காவது மாட்டேன்னு சொல்லி யாராவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. சந்தைத் தலைவர் மேடைக்குக் கீழே வந்து நின்றார். "ஏப்பா, பூசணிக்காய் உனக்கா வேணும்?"

தலையாட்டினார்.

"வேணாமா?"

அதற்கும் ஆட்டினார்.

"அப்ப எல்லாத்தையும் ஆத்துல உருட்டிவிட்டுரலாமா?"

நன்றாகவே ஆட்டினார். படகுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கொழுந்தன் விடவில்லை. "அண்ணே, உங்க எல்லாரையும்விட நான் நல்லாக் கூவுவேன்ல?" தலை ஆடியது. "கேட்டுக்கோங்க!"

"உங்க தம்பி கூவுனா கழுதை கயித்த அறுத்துக்கிட்டு ஓடும்ல?" என்று கத்தினாள் கீரைக்காரி. அதற்கும் ஆடியது. கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தலை ஆடுனா செல்லாது. பூசணிக்காயை மறுபடி கூவுங்க."

மறுபடி தட்டல், குத்தல், துள்ளல். கடைசியில் ஓட்டல்காரர் தலையாட்ட, பூசணிக்காய் அவருக்கு முடிந்தது. அன்றைய ஏலம் எங்கும் நிற்கவில்லை, மேடை தப்பியது. சங்கைக் கீழே உட்காரவைத்து டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கியதில் கண் சிவந்திருந்தது; வீக்கம் கூடவில்லை.

கொழுந்தனுக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணன் தோளில் கை போட்டுக் குழைந்தார். "அண்ணே, அடுத்த வாரமாவது மேடையை எனக்கு விட்டுக் குடுப்பீங்கல்ல?"

அவர் அன்பாகத் தலையாட்டினார்.

"செல்லாது!" என்று சந்தையே அலறியது. அந்த அலறலில் ஒரு குரல் மட்டும் சேரவில்லை. சேராதபடி அவள் வாயில் என் கை இருந்தது.