சந்திரா அழிக்கவைத்த நகல்கள்

என் தங்கை சந்திரா படகுக்காரர்களின் பாயிண்டுகளையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தாள் என்று சாயல்குடிக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. என் ஒருத்தியுடையதைத் தவிர, அவள் யாருடைய போன் நகலையும் வைத்துக்கொண்டதில்லை.

"பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்று அவள் மகள் போனில் சொன்னது காலையில். துக்கம் கேட்க வந்தவர்கள் மத்தியில் மாலைக்குள் இந்தப் பேச்சும் வந்துவிட்டது. யாரோ ஒருவரின் பாரில் வேறொரு படகு போய் மீன் பிடித்ததாம், இடம் சந்திராவிடமிருந்துதான் கசிந்திருக்குமாம்.

கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டான பார் எங்கே என்று போனில் குறித்துவைப்பதுதான் பாயிண்டு. பிள்ளைக்குச் சொல்வார்கள், பக்கத்துப் படகுக்குச் சொல்லமாட்டார்கள். பழைய போன்களில் அதற்கென்று இருந்த செயலி இப்போது கிடைப்பதில்லை. போன் செத்தால் பாயிண்டும் போயிற்று. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் போனின் உள்பூட்டைத் திறக்க வேண்டும். ரூட் செய்வது என்பது அதுதான். அதற்கான பழைய மென்பொருள் பழைய கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற சந்திரா, அப்படி ஒன்றை இணையத் தொடர்பே இல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தாள்.

ஒருமுறை மாரியூர் முனியசாமி, காலமான தன் தகப்பனாரின் போனை எடுத்துக்கொண்டு மைத்துனருடன் வந்தார்.

"மச்சான் வெளியில நிக்கட்டும்" என்றாள் சந்திரா.

"டீச்சர், இவன் எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்."

"அதனாலதான் சொல்றேன்."

படங்களையும் எண்களையும் முதலில் எடுத்து வைத்தாள். "மொதல்ல பேக்கப், பெறகுதான் ரூட். போன் செத்தாலும் ஒங்க அய்யா மொகமாவது மிஞ்சும்." பிறகு பூட்டைத் திறந்து, செயலியையும் அதன் கோப்புகளையும் திறந்து பார்க்காமலே கம்ப்யூட்டர் வழியாக அவருடைய இன்னொரு போனுக்கு மாற்றினாள். "எல்லாம் இருக்கு டீச்சர்!" என்று அவர் திரையை நீட்டியபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குக் காட்டாதீங்க. தெரிஞ்சா நாக்கு சும்மா இருக்காது." கம்ப்யூட்டரில் இருந்த நகலை அவர் கையாலேயே அழிக்க வைத்தாள். வந்த எல்லோருக்கும் அதே முறைதான்.

இராமேஸ்வரத்துப் படகு முதலாளி ஒருவர், "மத்தவுக பாயிண்டுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்று கெஞ்சியதுண்டு. "ஒங்களோடத அவுகளுக்குச் சொல்லட்டுமா? சரிக்குச் சரியாப் போயிரும்" என்றாள். அவர் தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

என் போனைத் தொலைத்துவிடுவேன் என்ற பயத்தில் என் நகலை மட்டும் வைத்திருக்கச் சொன்னேன். அதைப் பூட்டும் கடவுச்சொல்லை நானே அடிக்க வேண்டும் என்றாள். பிறகு அதை மறந்துவிட்டு, பூட்டை உடைத்துத் திறக்கச் சொன்னேன்.

"பூட்டு ஒன்னோடது, அக்கா. நெனப்பு வரட்டும், இரு."

"சொந்த அக்காவுக்குமா?"

"ஒனக்குத்தான் மொதல்ல."

நான் படித்த கான்வென்ட்டில்கூட இவ்வளவு கண்டிப்பு இருந்ததில்லை. அவள் என் தங்கை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது.

அவளுடைய காரியம் முடிந்ததும் முனியசாமியை அழைத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். பழைய மென்பொருள்களும், இன்னும் திறக்காத என் பேக்கப்பும்தான் இருந்தன. "எங்கய்யா போனுக்கு நான் சாட்சிம்மா. மத்தவுகளுக்கு அவுகவுகதான் சொல்லணும்" என்றார். நியாயமான பேச்சு.

அந்தக் கம்ப்யூட்டரை உடைத்துப்போடச் சொல்கிறார்கள். உடைத்தால் பழியை ஒப்புக்கொண்டதாகும். அது என்னிடம்தான் இருக்கிறது, அவளுடைய பெயரோடு.

அவளிடம் போன் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் நகலை நீங்கள்தானே உங்கள் கையால் அழித்தீர்கள்? ஆம் என்றாலும் இல்லை என்றாலும், ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள்.