மோலேயில் போட்ட பெருஞ்சீரகம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிரெஞ்சு எழுத்தை இன்றைக்கும் எனக்கு ஒழுங்காகக் கூட்டி வாசிக்க வராது. அப்படிப்பட்டவன் இந்தப் பாரிஸில் என்னென்ன செய்தேன் என்று கேளுங்கள். ஒபர்வில்லியேயில் மூன்று அறை வீடு வாங்கினேன். பிலிப்-து-ஜிரார் தெருவில் முருங்கைக்காயும் வாழையிலையும் விற்கும் மரக்கறிக் கடை ஒன்றைத் திறந்தேன். கூட்டு ஒத்துவராமல் நான் விலகினாலும் கடை இன்னும் நிற்கிறது. தேர்த் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடவேண்டும் என்று எங்கள் ஆட்களிடம் முதலில் வாய் திறந்தவன் நான். அந்த வருடம் மோர் கரைத்தவனும் நான். ஒரே மகளை மருந்தாளராக்கினேன். இதெல்லாம் எங்கள் சனத்துக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. பாரிஸில் மெக்சிக்கோச் சாப்பாடு தேடிப் போகிறவர்கள் விரலை நக்கிச் சாப்பிடும் ஒரு மோலே என் கையால் உண்டானது.

மோலே என்பது ஒரு கறுத்தக் குழம்பு. காய்ந்த மிளகாய், எள்ளு, கச்சான் கடலை, கறுவா, கராம்பு, கருக்கிய ரொட்டி எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, கடைசியில் கொஞ்சம் சொக்கலேட் கரைத்துக் கோழி இறைச்சியின் மேல் ஊற்றுவார்கள். புவெப்லா என்ற மெக்சிக்கோ ஊரின் பெயர்போன சமையல். குழம்புக்குள் சொக்கலேட்டா என்று முதலில் நானும் சிரித்தவன்தான்.

2009இல், லூயி-பிளாங் தெருவிலிருந்து கால்வாய்ப் பக்கம் இறங்கும் வழியில் ஒரு பிரெஞ்சுக்காரர் மெக்சிக்கோ உணவகம் திறந்தார். மரக்கறிக் கடையை விட்டு வந்த நான் அங்கே கோப்பை கழுவப் போனேன். சமையல்காரர் புவெப்லாக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு வருடம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கழுவினேன். கை தண்ணீருக்குள், மூக்கு அவருடைய சட்டிக்குள். எந்த மிளகாய் எப்போது விழுகிறது, எந்த மணம் வந்ததும் அடுப்பைக் குறைக்கிறார் என்பதெல்லாம் எனக்குப் பாடம். அவர் திடீரென்று ஊருக்குத் திரும்பிவிட, முதலாளி மோலேயைப் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தார். "மூசியூ, நான் செய்யிறேன்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஈரக் கையைத்தான் பார்த்தார். ஆனாலும் தலையாட்டினார்.

முதல் நாளே பிழை விட்டேன். புவெப்லாக்காரர் அனிஸ் என்ற சிறு விதை ஒன்று போடுவார். அன்றைக்குப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. மணத்தால் அது எங்கள் பெருஞ்சீரகம்தானே என்று நினைத்து, வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த பொதியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டேன். மிளகாயையும் அவரைப் போலச் சூடு காட்டி எடுக்காமல், கறித்தூளுக்கு வறுப்பதுபோல வறுத்துவிட்டேன். மேல்வீட்டு அம்மா இருமி இருமித் தடியால் தரையில் இடித்தார். முதலாளி ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். இரண்டாவது கரண்டி எடுத்தார். "இனி இப்படியே செய்" என்றார். அனிஸும் பெருஞ்சீரகமும் வேறு வேறு விதை என்று எனக்குத் தெரியவந்தபோது எத்தனையோ மாதம் கடந்துவிட்டது. அதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் புகழ்ந்து எழுதியும் விட்டார்கள். நான் மாற்றவில்லை. பதினொரு வருடம் அப்படியே போயிற்று.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆனபோது, என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு பரிசு தந்தாள். ஒரு வழிகாட்டியோடு நடந்து போய், மெக்சிக்கோவின் நாலு பகுதிச் சாப்பாட்டை நாலு கடைகளில் ருசி பார்க்கும் சுற்று.

"நீங்கள்தானே எந்த நேரமும் மெக்சிக்கோ, மெக்சிக்கோ எண்டு கதைக்கிறியள். வாங்கோ, போவம்" என்றாள்.

தொலைபேசியில் மூன்றாவது கடையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரை மாற்றி, கதவுக்கு நீலம் பூசியிருந்தார்கள். ஆனால் அது நான் மோலே செய்த கடைதான். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. மகளிடம் மூச்சும் விடவில்லை. அன்றிலிருந்து ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கை போன பிறகு அதைக் கெடுத்திருப்பார்களோ? கெடுக்காமல் வைத்திருந்தால் அது இன்னும் ஆபத்து. விஷயம் தெரிந்த ஒருவர் சாப்பிட்டு, இது தொடக்கத்திலிருந்தே பிழை என்று சொல்லிவிட்டால், பதினொரு வருடமும் பிழை. மகளுக்கு முன்னால் பிழை.

சனிக்கிழமை மத்தியானம் லூயி-பிளாங் மெட்ரோ வாசலில் எட்டுப் பேர் கூடினோம். வழிகாட்டி ஒரு பிரெஞ்சுப் பெண். நாங்கள் தொலைந்து போகாமலிருக்க ரிப்பன் கட்டிய மர அகப்பை ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். யார் எந்த ஊர் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். என் பக்கத்தில் நின்ற ஐம்பது வயதுப் பெண்மணி, இங்கே படிக்கும் மகனைப் பார்க்க வந்தவராம். "புவெப்லா" என்றார்.

நான் மகளுக்கு மற்றப் பக்கம் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசிக் கடை வாசலிலிருந்து ஒருவன், தெரிந்தவன்தான், கூப்பிட்டான்.

"என்ன அண்ணை, வழி தெரியாமல் போச்சோ?"

"போடா. மகள் கூட்டிக்கொண்டு வந்தவள்."

"முப்பது வருசமா இந்த றோட்டை அளந்த மனுசன்! அந்தப் பிள்ளை அகப்பையோட முன்னாலை போகுது, நீங்கள் பின்னாலை போறியள். எங்கை அன்னதானம்?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் புவெப்லா அம்மாவையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

முதல் கடையில் யுகாத்தான் பகுதிப் பன்றியிறைச்சி, வாழையிலையில் சுற்றி வேகவைத்தது. இலை எங்கள் கடைத்தெருவில் வாங்கியது என்று நான் பார்த்தவுடனே சொன்னேன். அந்த அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளிப்புக் காணாது" என்று தட்டை வைத்தார். இரண்டாவது கடையில் கடற்கரைப் பக்கத்து மீன், சோள ரொட்டிக்குள். ரொட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஆறிப்போய்விட்டது" என்றார். சாப்பிடவேயில்லை. அடுத்தது என்னுடைய மோலே.

தெருவில் மகள் என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு வேர்க்குது. சீனி குறைஞ்சிட்டுதோ?"

"ஒண்டுமில்லை. அடுத்தது நான் வேலை செய்த கடை."

"செரியூ? உண்மையாவோ?" என்று நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ எல்லாருக்கும் சொல்லிப்போடுவாய்."

"சொன்னா என்ன? ஆருக்குப் பயம்?"

"அந்த அம்மாவுக்கு" என்றேன்.

கடைக்குள் போனதும் கழிப்பறைக்குப் போகிறவன்போலச் சமையலறைக் கதவைத் தள்ளினேன். எனக்குப் பின் வந்த சமையல்காரரும் எங்கள் ஆள்தான், வவுனியாக்காரர்.

"அண்ணை! நீங்களோ! ஆக்களோட வந்தனியளோ?"

"அதை விடு. மோலேக்கு என்ன போடுறாய்?"

"நீங்கள் போட்டதுதான். ஒண்டும் மாத்தேல்லை."

"பெருஞ்சீரகம்?"

"ஓம் அண்ணை. அதில்லாமலோ?"

வேறு யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பும் வழியும் அதோடு அடைபட்டது. வந்து மேசையில் உட்கார்ந்தேன். தட்டுகள் வந்தன. வழிகாட்டி சொன்னாள்: இந்த உணவகத்து முதலாளி புவெப்லாவில் ஆறு மாதம் தங்கி, சந்தைப் பெண்களிடம் கற்றுக்கொண்டு கொண்டுவந்த அசல் மோலே இது. ஆறு மாதம் தங்கினார் என்பது உண்மை. அந்த ஆறு மாதத்தில் அவர் ஒரு வெங்காயம் உரித்திருந்தால், அவர் கத்தி பிடிக்கும் விதத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

புவெப்லா அம்மா முதலில் மணந்து பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். மேசைக்கடியில் மகள் என் கையைப் பிடித்தாள்.

"இது புவெப்லா மோலே இல்லை" என்றார். நிறுத்தி நிறுத்திப் பேசும் பிரெஞ்சு, எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "மிளகாய் கூடுதலாக வறுபட்டிருக்கிறது. அனிஸ் இல்லை. வேறு ஏதோ விதை."

வழிகாட்டி சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அந்த அம்மா சோள ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். முழுத்தட்டையும் துடைத்தார்.

"ஆனால் நல்லாயிருக்கிறது. இன்றைக்குச் சாப்பிட்டதில் இதுதான் சாப்பாடு. யார் செய்தது?"

அந்த நேரம் முதலாளி வந்தார். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். எல்லோரையும் பார்த்து, "இந்த மனிதர் பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தார். ஒரு நாள்கூடப் பிந்தி வந்ததில்லை. அவ்வளவு விசுவாசம்" என்றார். மேசை முழுவதும் கைதட்டியது. பிந்தி வராததற்குக் கைதட்டு!

புவெப்லா அம்மா மட்டும் தட்டவில்லை. "அந்த விதை என்ன?" என்று திரும்பவும் கேட்டார்.

முதலாளி கண்ணைச் சிமிட்டினார். "அது எங்கள் கடை இரகசியம்."

மகள் என் காதுக்குள், "சொல்லுங்கோ அப்பா" என்றாள்.

"ஃபெனுய்" என்றேன், பெருஞ்சீரகத்தின் பிரெஞ்சுப் பெயர். "நான் போட்டது. தெரியாமல் போட்டது. மிளகாயை வறுத்ததும் நான்."

அந்த அம்மா சத்தம் போட்டுச் சிரித்தார். "அப்போ குற்றவாளி நீங்களா!" என்று மேசைக்குக் குறுக்கே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி என் தோளில் தட்டி, "சமையலறை என்றால் அப்படித்தான், எல்லோரும் ஆளுக்கொன்று போடுவார்கள்" என்றார். அது பொய்யுமில்லை, மெய்யுமில்லை. வழிகாட்டி நேரத்தைப் பார்த்து அகப்பையைத் தூக்கினாள். நாங்கள் நாலாவது கடைக்கு நடந்தோம். அங்கே என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த அம்மா முகம் சுளித்திருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். முதலாளி கொண்டுவந்த மோலே முதலாளியோடேயே போகட்டும் என்று தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். அந்த அம்மா ருசித்ததால்தான் உரிமை கேட்கிறேன். அதனால் என் உரிமை குறைந்துவிடாது. பழி வந்திருந்தால் அதுவும் எனக்குத்தானே வந்திருக்கும்.

அந்தச் சுற்று இன்றைக்கும் சனிக்கிழமைகளில் நடக்கிறது. சந்தைப் பெண்களின் கதையைத்தான் இன்னும் சொல்கிறார்கள் என்று மகள் விசாரித்துச் சொன்னாள். இதைப் பிரெஞ்சில் எழுதி முதலாளிக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறாள். ஆகவே அவருக்கே சொல்கிறேன். மூசியூ, உங்கள் பட்டியலில் மோலேக்குப் பக்கத்தில் இருக்கும் புவெப்லா என்ற சொல்லை எடுங்கள். உங்களிடம் கோப்பை கழுவ வந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன் செய்த மோலே என்று போட்டு, கீழே என் பெயரை எழுதுங்கள். எப்படி எழுதுவதென்று தெரியாவிட்டால், பன்னிரண்டு வருடச் சம்பளச் சிட்டைகளிலும் இருக்கிறது. பார்த்து எழுதுங்கள்.