எந்த மாசத்துப் படமுங்க?

ஆனி மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ‘சிறு துறைமுகங்களின் நிர்வாகம் மற்றும் இணைப்பு – உள்ளூர்க் கருத்துக்கேட்புக் கூட்டம். தாங்கள் வெளிச்சாட்சியாகக் கலந்துகொள்ள வேண்டுகிறோம்.’

துறைமுகமா? கோயமுத்தூரிலா?

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வீட்டு முகவரிதான். நம் ஊர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டைத் தாண்டிப் போக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் இரண்டாவது ரகம். போத்தனூர் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். மேற்கே இருந்து வரும் ரயிலில் மீன் கூடைகள் இறங்கும். ஐஸ் உருகி பிளாட்பாரத்தில் ஓடும். அதில் காலை நனைத்துக்கொண்டு வந்து, ‘கடல்ல கால் நனைச்சுட்டேன்’ என்று வகுப்பில் அளந்து விட்டிருக்கிறேன். இப்போது துறைமுகமே என்னைக் கூப்பிடுகிறது... விடுவேனா?

கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஓர் இளம்பெண்ணின் குரல். பெயர் ஸ்டெல்லா, இந்த இணைப்பு வேலைக்கான அதிகாரி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

“கடல் இல்ல சார், அணைக்கட்டு. மீன் பிடிக்கிற பரிசல் வந்து நிக்கிற துறை மூணு இருக்கு. மூணையும் ஒண்ணாக்கணும். ஃபார்ம் கடற்கரைக்குன்னு அடிச்சது... அதையே இங்கயும் அனுப்பிட்டாங்க. அலை உயரம் எவ்வளவுன்னு ஒரு கேள்வி இருக்கும், அதைக் கண்டுக்காதீங்க. கூட்டத்துக்கு வெளியாள் ஒருத்தர் சாட்சியா இருக்கணும், நீங்க பத்திரிகையில எழுதுறவர்ங்கிறதால உங்களைப் போட்டோம்.”

அணையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா!

கூட்டம் அணைக்கரை ஊரின் கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் முகூர்த்தம் நடந்திருக்க வேண்டும் – வாசலில் வாழைமரம் அப்படியே நின்றது. என்னையும் ஸ்டெல்லா மேடத்தையும் மேடையில், மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவில் உட்கார வைத்துவிட்டார்கள். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நியாயமான சிரிப்புத்தான். எனக்கு அறுபத்திரண்டு வயது.

ஜன்னல் வழியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தது. அந்தக் காற்று அடித்தால் எனக்கு நாலு பக்கமும் கடல் இருப்பது போலத் தோன்றும், கண்ணும் சொருகும். அந்தச் சொருகலில் மேடம் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

படித்தீர்களா என்று கேட்காதீர்கள். கூரியர்காரர் நீட்டினால் படித்துவிட்டா போடுகிறோம்? போட்ட பிறகுதான் கண் மேலே போனது. ‘மூன்று துறைகளின் உறுப்பினர்களும் இணைப்பை ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்.’

கூட்டமோ இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

“என்னம்மா இது?” என்றேன்.

“டிராஃப்ட் சார். எல்லாக் கூட்டத்துக்கும் இதான் மாடல். மாறுச்சுன்னா மாத்திக்கலாம்.” தாள் ஃபைலுக்குள் போய்விட்டது.

கெட்ட பெண் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாமல், வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவசரம்... அவ்வளவுதான்.

விளக்கை அணைத்துத் திரையில் படம் போட்டார். அணை நீலமாக, பளபளவென்று விரிந்தது. ஓரத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள் – அணைத்துறை, கோயில்துறை, புளியமரத்துறை. ஒரு பட்டனைத் தட்டினார். இரண்டு புள்ளிகள் மறைந்து அணைத்துறை மட்டும் பெரிய பச்சைப் புள்ளியாக நின்றது. அங்கே சிமெண்ட் தளம் வரும். ஐஸ் ரூம் வரும். எலெக்ட்ரானிக் தராசு வரும். மூன்று சங்கத்துக்குப் பதில் ஒரே சங்கம், ஒரே தலைவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அணைத்துறைச் சங்கத் தலைவர் சின்னச்சாமி எழுந்து கும்பிட்டார். “நல்ல காரியமுங்க. ஐஸ் ரூம் வந்தா மூணு ஊருக்கும் நல்லதுதானுங்களே?” சிலர் தலையாட்டினார்கள். சிலர் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் முகத்தில் ‘ஒருமனதாக’ என்று எழுதி ஒட்டாத குறை.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். துடுப்புப் பிடித்துக் காய்த்த கை. புளியமரத்துறைக்காரர், பெயர் சரோஜா.

“ஏனுங்க மேடம்... இது எந்த மாசத்துப் படமுங்க?”

“சேட்டிலைட் படம்க்கா.”

“அது செரிங்க. எந்த மாசம் எடுத்ததுங்க?”

மேடம் லேப்டாப்பில் குனிந்து பொடி எழுத்தைத் தேடினார். டிசம்பர்.

“மார்கழிங்க. அணை ரொம்பி நிக்கற காலம். அப்பத்தானுங்க மூணு துறை. இப்பத் தண்ணி எறங்கிக் கெடக்குது, ஒரே துறைதானுங்க. மூணு ஊர்க்காரரும் இன்னிக்கு ஒரே எடத்துலதான் பரிசலைக் கவுத்துப்போட்டு வந்திருக்கறமுங்க. தண்ணி வத்துனா நாங்களே ஒண்ணாயிருவோம்... ஏறுனாப் பிரிஞ்சிருவோம். வருசா வருசம் நடக்கறதுதானுங்களே?”

மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். சின்னச்சாமியும்தான்!

மேடத்துக்கு அழுகை வராத குறை. “ஆறு மாசமா பேசிட்டிருக்கோமே, இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?”

சின்னச்சாமி நெளிந்தார். “அணைன்னா தண்ணி ஏறும் எறங்குமுங்க. அதைப் போயி ஆபீஸர்கிட்டச் சொன்னா... உங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க சொன்ன மாதிரி ஆயிருமில்லீங்க? மரியாதையா இருக்காதுங்களே.”

இது எங்கள் ஊர் வியாதி, வாசகர்களே! எதிரே நிற்பவர் சட்டையில் தேள் ஊர்ந்தால்கூட, ‘ஏனுங்க, ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க...’ என்றுதான் ஆரம்பிப்போம். தேள் அதுவரை காத்திருக்குமா?

சரோஜாக்கா உட்காரவில்லை. “சங்கத்தை ஒண்ணாக்குங்க, வேண்டாங்கல. ஆனா தண்ணி ஏறுன பொறகு எங்க துறையிலிருந்து அணைத்துறைக்கு ஒண்ணரை மணி நேரம் துடுப்புப் போடோணுமுங்க. ஆவணிக் காத்து சும்மா உடாது. எங்க ஊட்டுக்காரருக்குத் தோள்பட்டை போயிருச்சு. அவரு வலையை இழுப்பாரு, நாந்தான் துடுப்பு. போன வருசம் காத்து தூக்கிட்டுப் போயி அக்கரையில போட்டுருச்சுங்க. வலையும் போச்சு, மீனும் போச்சு. பொழுதுக்கும் வேலாமரத்தடியில ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். புளியமரத்துறையை மூடுனீங்கன்னா, பரிசலை வித்துப்போட்டு நான் காங்கேயத்துல தேங்காய் ஒடைக்கற களத்துக்குத்தானுங்க வேலைக்குப் போகோணும்.”

சத்தம் போட்டுப் பேசவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது. அவருடைய துறையை மூடச் சம்மதம் சொல்லும் தாளில் என் கையெழுத்து இருக்கிறதே! அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சோபாவின் சரிகையைப் பார்த்தேன்.

“வாங்க, பாத்துப்போட்டு வந்தரலாம்” என்றார் சரோஜாக்கா. மேடம் சட்டென்று எழுந்துவிட்டார். பின்னால் நான், எனக்குப் பின்னால் சின்னச்சாமி.

புளியமரத்துறையில் புளியமரம் இருந்தது, துறை இல்லை. அடிமரத்தில் பரிசல் கட்டிய கயிறு அறுத்த தடம் மட்டும். அதற்குக் கீழே நிலம் சரிந்து சரிந்து போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. செருப்புக்கடியில் கிளிஞ்சல் நொறுங்கியது. வெடித்த சேற்றில் ஒரு வலை மிதவை. கொஞ்சம் தள்ளி ஆடுகள் புல் மேய்ந்தன. காற்று மட்டும் விடாமல் காதில் இரைந்தது.

சரோஜாக்கா முன்னால் போய்க்கொண்டே சொன்னார்: “இப்ப முழங்காலுக்கு வந்துருச்சுங்க.”

எங்களுக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தோம்.

“இப்ப இடுப்புக்கு.”

புரிந்தது. மேடம் தன்னையறியாமல் சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இப்பக் கழுத்துக்கு... இப்ப முங்கிட்டமுங்க.”

கீழே, இன்னும் கீழே இறங்கினோம். “தலைக்கு மேல ரெண்டாள் ஒசரம் தண்ணிங்க” என்றார் சரோஜாக்கா. மேடம் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வானம்தான். ஒரு கொக்கு மெதுவாகப் போயிற்று. மார்கழியில் அந்த உயரத்தில்தான் இந்த அம்மாவின் பரிசல் போகும் என்று நினைத்தேன். வெயில் பச்சையாகத் தெரிந்தது. மீன்கள் என் காதோரம் போயின. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வயசுக்கு ஏற்ற காரியமா இது? ஆனால் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

“எங்க ஊர்ல கடல் அங்கனயே கெடக்கும்க்கா” என்றார் மேடம், மெதுவாக. “காலையில கொஞ்சம் உள்ள போவும், அப்புறம் வந்துரும். இப்படி மாசக்கணக்குல போவும்னு எனக்குத் தோணவே இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும் கண்ணு? நாங்கதான் சொல்லியிருக்கோணும்” என்றார் சரோஜாக்கா. மண்டபத்தில் மேடமாக இருந்தவர் தண்ணீருக்கடியில் கண்ணாகிவிட்டார்.

தண்ணீர் ஓரத்தில் நாற்பது பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. மூன்று ஊர்ப் பரிசல்களும் கலந்து. சின்னச்சாமியின் பரிசல் சரோஜாக்காவின் பரிசலை ஒட்டியே கிடந்தது. “துறைன்னா இப்போதைக்கு இதானுங்க” என்றார் சரோஜாக்கா. பிறகு மேட்டைக் காட்டினார். அங்கேதான் பச்சைப் புள்ளி, சிமெண்ட் தளம் வரப்போகும் அணைத்துறை. வறண்ட மேட்டில் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“தளம் போட்டா மாட்டுக்குச் சொகமா இருக்குமுங்க” என்று சொல்லிவிட்டு சின்னச்சாமியே சிரித்தார்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் நான் மேடத்திடம் கையை நீட்டினேன். “அந்தத் தாளைக் கொடுத்துரும்மா.” அவர் ஃபைலிலிருந்து அதை எடுத்தார். என்னிடம் தரவில்லை. தானே நாலாகக் கிழித்தார்.

புதிய தாளில், எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு, அவரே கையால் எழுதினார். சங்கம் ஒன்றாகட்டும். துறைகள் மூன்றும் இருக்கட்டும். சிமெண்ட் தளம் வேண்டாம். ஐஸ் ரூம், மூன்று ஊருக்கும் பொதுவான ரோட்டோரத்தில் வரட்டும். கடைசியாக ஒரு கட்டம் – ‘துறைமுகத்தின் நிரந்தர இடம்’. பேனாவைக் கடித்தார். பிறகு எழுதினார்: ‘நீர்மட்டத்தைப் பொறுத்தது.’

இந்த முறை நான் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சரோஜாக்கா வெளியே வந்து வழியனுப்பினார். புளியமரத்துறைக்காரர்கள் எங்கள் காரில் ஒரு கட்லா மீனை வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். மேலிடத்திலிருந்து பதில் வந்திருக்கிறதாம். ‘நிரந்தர இடம் குறிப்பிடப்படவில்லை. மூன்றில் எது நிரந்தரமானது என்பதை உடனே தெரிவிக்கவும். அதுவரை முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது.’ கூடவே இன்னொரு தாளும் வந்திருக்கிறது – மேடத்துக்கு டிரான்ஸ்ஃபர். திரும்பக் கடற்கரைக்கே.

“எனக்கு அடுத்து யார் வருவாங்கன்னு தெரியல சார். லேப்டாப்புல இருக்கிற பழைய டிராஃப்டை அவங்க எடுத்துட்டா...? அக்காட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க சொல்லிருங்களேன்” என்றார்.

எனக்கு மட்டும் எப்படிச் சொல்லத் தெரியும்? ஒரு நாள் முழுக்க ஒத்திப்போட்டேன். பிறகு சரோஜாக்காவுக்குப் போன் போட்டேன். காற்று இரைந்தது. பரிசலில் இருந்தார். அணை முக்கால்வாசி ஏறிவிட்டதாம், மூன்று துறைகளும் பிரிந்துவிட்டனவாம். விஷயத்தைச் சொன்னேன்.

துடுப்புப் போடும் சத்தம் நிற்கவே இல்லை.

“ஏனுங்ணா, கேக்கறவங்களுக்கே நெலையா ஒரு எடமில்ல... நம்மகிட்ட வந்து நெரந்தர எடம் கேக்கறாங்க பாருங்க!” என்று சிரித்தார். பிறகு சொன்னார்:

“உடுங்க, புதுசா வர்றவரையும் கூட்டிட்டுப் போயி முங்க வெச்சுப்போடலாம்... தண்ணி எறங்கட்டும்.”