ஒரே தட்டில் தின்ற கெராங்

எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, குடித்துக் குடித்துத்தான் வந்தது என்று ஊரெல்லாம் சொன்னவன் என் மச்சான், மனைவியின் தம்பி. நான் ஆயுசில் ஒரு சொட்டுத் தொட்டவனில்லை. நாள் கிழமை பார்க்காமல் ஊற்றிக்கொள்பவன் அவன்தான். அதற்காகப் பத்துப் பேர் முன்னால் அவனை ஏசியிருக்கிறேன். சமயம் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான், நாசமாய்ப் போகிறவன்.

கண் மஞ்சளானதும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "ஹெபடைடிஸ் ஏ, அங்கிள். வைரஸால திடீர்னு மஞ்சள் காமாலைன்னு வர்றவங்கள்ல இதை நிறையவே பார்க்கிறோம். வாய் வழியா வர்றது, குடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒரு மாசத்துக்கு முன்னாடி அரைவேக்காட்டுல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிட்டேன். கிள்ளானில் ரோட்டோரக் கடையில் கெராங். அந்தச் சிப்பியை வெந்நீரில் முக்கி உடனே எடுத்துவிடுவார்கள்; உடைத்தால் ரத்தம்போல் சாறு வடியும். "நல்லா வெந்தா ருசி போயிடும் லா மாமா" என்று ஒரே தட்டில் என்னோடு தின்றவனும் இதே மச்சான்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அவன் காஜாங்குக்கு ஃபோன் போட்டான். அங்கேதான் என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, பரிசம் போட நாள் குறித்திருந்தோம். "மாமாவுக்கு லிவர் போச்சு, சொன்னா எங்க கேக்குறாரு" என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் பரிசத்தைத் தள்ளிவைத்தார்கள். நான் ரிப்போர்ட்டை அனுப்பினேன். "உடம்பு தேறட்டும், பார்ப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. குடிகாரன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தது குரலிலேயே தெரிந்தது. மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பத்து நாளில் அவனுக்கும் கண் மஞ்சளானது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். "கடைசியில குடிச்சே லிவரைக் கெடுத்துக்கிட்டாரு" என்று அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்பாங்கிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டரிடம் போக அவனுக்குப் பயம். ரத்தம் எடுத்தால் இத்தனை வருஷக் குடியும் சேர்ந்து தெரிந்துவிடுமே. மிச்சமிருந்த ஒரே சாட்சி நான். என் வீட்டுக்கு வந்து, "மாமா, கெராங்தான்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினான்.

"மொதல்ல காஜாங்குக்குப் போடு. ஸ்பீக்கர்ல."

போட்டான். "நான் சொன்னது பொய்ங்க. மாமா குடிக்கவே மாட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணாதான் கெராங் சாப்பிட்டோம், இப்ப எனக்கும் வந்திருச்சு" என்று என் முன்னால் நின்று சொன்னான். பிறகு என்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி மாப்பிள்ளையின் அப்பா மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே பரிசம் என்று பேசி முடித்தோம்.

மறுநாள் அவன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, கெராங்னாலதான்னு சொல்றாரு. நீங்களும் கூட இருந்தீங்களாமே, நெஜமா?"

"நான் சாப்பிட்டேம்மா. அவன் சாப்பிட்டானான்னு தெரியல. அன்னைக்கு அவன் குடிச்சதுதான் ஞாபகம் இருக்கு" என்றேன்.

அவள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள்.

"என் தம்பி குடும்பத்தைப் பிரிச்சிட்டீங்கல்ல?"

"ஆமா" என்றேன்.